மூக்கு, சைனஸ் க்ளெய்ம்: கவுண்டி ஆபீஸ் இருக்கும்போது காசு கொடுக்காதீர்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்து வந்தவருக்குத் தீராத மூக்கடைப்பு, சைனஸ் தலைவலி இருந்தால் முதலில் உங்கள் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீஸுக்குப் போங்கள், முன்னாள் ராணுவத்தினருக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்க இலவசமாக உதவுகிற ஆபீஸ் அது. என் கணவர் ஈராக்கில் பாலட் தளத்தில் இருந்தவர், அங்கே பெரிய குழியில் குப்பையைக் கொட்டி எரித்த புகையைச் சுவாசித்துவிட்டு வந்ததிலிருந்து மூக்கு சரியானதே இல்லை. வி.ஏ., அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறை, தருகிற இழப்பீட்டுக்கு எங்கள் கவுண்டி ஆபீஸ் மூலமாகத்தான் விண்ணப்பித்தோம்.

அங்கிருந்த அம்மா முதல் வேலையாக ‘இன்டென்ட் டு ஃபைல்’, அதாவது விண்ணப்பிக்கப் போகிறோம் என்கிற முன்னறிவிப்பு, போட்டுவிட்டார். ஒரு வருஷத்துக்குள் முழு விண்ணப்பமும் போய்விட்டால், பொதுவாக அந்தத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். 2022-ல் வந்த பேக்ட் சட்டப்படி, ஈராக்கில் இருந்தவர்களுக்கு நாள்பட்ட ரைனைட்டிஸும் (மூக்கு அழற்சி) சைனசைட்டிஸும் (சைனஸ் அழற்சி) பணியால் வந்தவை என்றே எடுத்துக்கொள்கிறார்கள், புகைதான் காரணம் என்று நாம் நிரூபிக்க வேண்டாம்.

சிக்கல், பாதிப்பு எவ்வளவு என்று வி.ஏ. போடுகிற சதவீதத்தில்தான், அதை வைத்துத்தான் பணம். அதை அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ரைனைட்டிஸுக்கு 10 சதவீதம் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் முழுசாக அடைத்திருக்க வேண்டும். பாலிப் (மூக்குக்குள் வளரும் சதை) இருந்தால் 30. ராத்திரியெல்லாம் தும்மித் தூக்கம் கெட்டாலும் அதற்கு மட்டும் 0 தான், இது எனக்கு நியாயமாகவே படவில்லை. சைனஸில் எத்தனை தடவை வந்தது என்று பார்க்கிறார்கள்: தலைவலி, முகவலி, சீழ் என்று வருஷத்துக்கு மூன்று முதல் ஆறு தடவை வந்தால் 10, அதற்கும் மேல் என்றால் 30. என் கணவரோ கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள், டாக்டர் பதிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டில் பார்த்ததை மனைவியே வாக்குமூலமாக எழுதித் தரலாம், அதற்கு 21-10210 என்று தனிப் படிவமே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தவரும் அந்த அம்மாதான்.

குறையும் உண்டு, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. அப்புறம், மருத்துவப் பரிசோதனைக்கு வி.ஏ. அனுப்பிய தனியார் கிளினிக்கில் மூக்கை எட்டிப் பார்த்ததோடு சரி, எத்தனை தடவை வந்தது என்று கேட்கவே இல்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் தேதிகளை எழுதிக்கொண்டு போய் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு கம்பெனி போன் செய்து, ஜெயித்துத் தருகிறோம், கூடுகிற தொகையில் பல மாதப் பணத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றது. முதல் க்ளெய்மைத் தயாரித்துக் கொடுப்பதற்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம், அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூட வி.ஏ. முதல் முடிவு சொன்ன பிறகான வேலைக்குத்தான் வாங்கலாம். கவுண்டி ஆபீஸில் நாள் தள்ளிப்போனால் டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் என்கிற முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் மூன்றும் இதே உதவியை இலவசமாகச் செய்கிறார்கள், அங்கே கேளுங்கள்.