தண்டாலா, எடைக் குறைப்பா? மார்பளவை மாற்றுவது எது?

உடற்பயிற்சிக் கூடத்தில் சேரும் ஒருத்திக்கு மார்பு பெரிதாக வேண்டும். இன்னொருத்திக்குச் சிறிதாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இருவரும் எடுப்பது அதே தண்டால்தான்.

தண்டாலும் டம்பெல்லும் வேலை வாங்குவது மார்பகத்துக்கு அடியில், விலா எலும்புகளின் மேல் படர்ந்திருக்கும் தசையை. மார்பகத்துக்குள் இருப்பவை பால் சுரப்பிகள், கொழுப்பு, இவற்றைத் தாங்கும் இணைப்புத் திசு. அடியிலுள்ள தசை சற்றுத் தடிப்பதால் மார்பு எடுப்பாகத் தெரியலாம். பிராவின் கப் அளவு அப்படியேதான் இருக்கும். முதுகுத் தசை வளர்ந்தாலும் இஞ்ச் நாடாவில் எண் கூடும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

எடை குறைந்தால் கதை வேறு. கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று உடல் நம்மைக் கேட்பதில்லை. மார்பில் கொழுப்பு மிகுந்தவருக்குச் சில கிலோ இறங்கியதுமே கப்பில் சுருக்கம் விழும். சுரப்பித் திசு மிகுந்தவருக்கு இடுப்பு இளைத்த பிறகும் பெரிய மாற்றம் தெரியாது. பலர் முதலில் கவனிப்பது பிராவின் கொக்கியைத்தான்: மிக இறுக்கமான வரிசையில் மாட்டியும் பட்டை முதுகில் மேலேறும். அப்போது 36 பி-யை (எண் பட்டையின் அளவு, எழுத்து அந்தப் பட்டைக்கேற்ற கப் அளவு) விட்டு 34 பி வாங்கினால் கப் இறுக்கிப் பிடிக்கும்; 34 சி-யில்தான் அதே கொள்ளளவு. நிறைய எடை இறங்கினால் தோல் முழுதாகச் சுருங்காமல் தொய்வும் வரலாம். அதைத் தண்டால் சரிசெய்யாது.

ஆக, சிறிதாக்க எடைக் குறைப்பு ஓரளவு உதவும்; பெரிதாக்க இரண்டுமே உதவாது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக அளவு மாறினால் பயிற்சியின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.