வைஃபை கோடு முழுசா இருக்கு, நெட் மட்டும் வரல: எந்த வைத்தியம் முதல்ல, எது கடைசில

போன வாரம் கோவில்பட்டில இருந்து அத்தை கூப்பிட்டாங்க, மாமா போன்ல இருந்து. "மருமவனே, என் போன்ல வைஃபை கோடு முழுசா நிக்குது, பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கு, வாட்ஸ்ஆப்ல ஒண்ணும் போகமாட்டேங்கு. கடைக்காரப் பையன் போனை முழுசா அழிச்சுட்டுத்தான் பாக்கணும்ங்கான். அழிச்சிரவா?"

அத்தை எதையும் அழிக்காதீங்க, போனை வாங்கிட்டு முதல்ல வீட்டுக்கு வாங்கன்னேன். அந்தப் போன்ல எங்க பெரியத்தை பேசி அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கு, பேக்கப் கிடையாது, பெரியத்தை இப்போ இல்ல. ஒரு வைஃபை கோளாறுக்காக அதெல்லாம் போயிருந்தா யார்கிட்ட போய் கேக்குறது? அதனாலதான் இதை எழுதுறேன். வைஃபை வேலை செய்யலன்னா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க, ரவுட்டரை ஆஃப் பண்ணு, நெட்வொர்க்கை ஃபர்கெட் பண்ணு, டி.என்.எஸ் (வெப்சைட் பேரைக் கேட்டா அதோட நம்பர் முகவரியைச் சொல்ற சர்வர்) மாத்து, ரீசெட் அடின்னு, எல்லாமே ஏதோ ஒரு கோளாறுக்கு சரிதான், ஆனா ஒவ்வொண்ணுலயும் நமக்கு என்ன போகும்ங்கிறதை யாரும் சொல்றதில்ல.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு சோதனை. ஒண்ணு, அதே வைஃபைல இன்னொரு போனைப் போட்டுப் பாருங்க. ரெண்டு, கோளாறு இருக்குற போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாருங்க. இன்னொரு போன்லயும் நெட் வரலன்னா தப்பு ரவுட்டர் பக்கமாவோ லைன் பக்கமாவோ இருக்கும், உங்க போனை எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது. இன்னொரு போன்ல வருது உங்க போன்ல மட்டும் வரலன்னா போன் பக்கம். அத்தை கேஸ்ல மாமா போன் அதே வைஃபைல நல்லா ஓடுச்சு, அத்தை போன்ல டேட்டா போட்டாலும் வரல. அதாவது வைஃபை மேல தப்பே இல்ல, வைஃபைக்கும் டேட்டாவுக்கும் பொதுவா போனுக்குள்ள ஏதோ ஒண்ணு வழியை மறிக்குது. கடைக்காரப் பையன் இந்த ரெண்டாவது சோதனையைப் பண்ணவே இல்ல.

அந்த ஆச்சரியக்குறி பத்தி ஒரு வார்த்தை. வைஃபை கோடுங்கிறது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல இருக்குற சிக்னல் மட்டும்தான், அதுக்கு அப்பால நெட் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனால ஆண்ட்ராய்டு போன் வைஃபைல சேர்ந்த உடனே ஒரு முகவரியைத் தட்டிப் பாக்கும், அங்க இருந்து 204ன்னு ஒரு வெறும் பதில் வந்தா நெட் இருக்கு, வரலன்னா ஆச்சரியக்குறி. ஐபோனும் ஆப்பிளோட முகவரி ஒண்ணுல இதே வேலையைப் பண்ணும். ஆக கோடு முழுசா இருந்து ஆச்சரியக்குறியும் இருந்தா சிக்னல் பிரச்சினை இல்ல, ரவுட்டர் பக்கத்துல போய் நின்னு பிரயோஜனம் இல்ல.

இப்போ ரவுட்டர் ரீஸ்டார்ட்டா, ரவுட்டர் ரீசெட்டா. பேரு ஒண்ணு மாதிரி இருக்கு, ஆனா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரீஸ்டார்ட்ங்கிறது ப்ளக்கைப் புடுங்கி அரை நிமிஷம் விட்டுட்டு திரும்பச் சொருகுறது. மாசக்கணக்கா ஓடிட்டே இருந்த பெட்டியோட மெமரி காலியாகும், எந்த போனுக்கு எந்த ஐ.பி (ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் குடுக்குற நம்பர்) குடுத்தோம்ங்கிற கணக்கு புதுசா ஆரம்பிக்கும், சேனல் ஆட்டோல இருந்தா நெரிசல் கம்மியான சேனலா தேடிப் பிடிக்கும், நமக்கு நஷ்டம் மூணு நிமிஷம். ரீசெட்ங்கிறது பின்னாடி சின்ன ஓட்டைல ஊசியை விட்டு பத்து செகண்ட் அமுக்குறது, அது பெட்டியை ஃபேக்டரில இருந்து வந்த நிலைக்குக் கொண்டு போயிடும். வைஃபை பேரு பாஸ்வேர்டு மட்டுமில்ல, நிறைய ஃபைபர் கனெக்‌ஷன்ல நெட் கம்பெனிக்காரங்க உள்ள போட்டு வச்ச யூசர்நேம் பாஸ்வேர்டும் சேர்ந்து போயிடும். என் சித்தப்பா பையன் ஊக்கை விட்டு அமுக்கிட்டு, கம்பெனி ஆள் வந்து திரும்ப எல்லாம் அடிச்சுக் குடுக்குற வரைக்கும் ரெண்டு நாள் வீட்டுல நெட்டே இல்ல, அவனுக்கு அப்போ ஆன்லைன் எக்ஸாம் வேற. அந்த ஓட்டை பக்கமே போகாதீங்க, கஸ்டமர் கேர் ஆள் லைன்ல இருந்து சொன்னா ஒழிய.

ஃபைபர் பெட்டில இன்னொண்ணு, லைட்டைப் பாருங்க. லாஸ்னு (LOS) எழுதி இருக்குற இடத்துல சிவப்பு லைட் எரிஞ்சா இல்ல மினுக்குனா வெளிய இருந்து வர்ற ஒளியே பெட்டிக்கு வரலன்னு அர்த்தம். பின்னாடி அந்த மெல்லிசான வயர் கழண்டிருக்கா, பீரோ இழுத்தப்போ நசுங்கிருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா உடனே கம்ப்ளெயின்ட் போடுங்க. அந்த நிலைமைல ரீஸ்டார்ட், ரீசெட், போன் மாத்துறது எதுவும் உதவாது. பான்னு (PON) போட்ட லைட் ஆடாம பச்சையா நின்னா லைன் பெட்டி வரைக்கும் வந்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

தப்பு போன் பக்கம்னு தெரிஞ்சா மூணு வைத்தியம் போட்டிக்கு நிக்கும். ஃபர்கெட், நெட்வொர்க் ரீசெட், ஃபேக்டரி ரீசெட்.

ஃபர்கெட்ங்கிறது அந்த ஒரு வைஃபையை மட்டும் போன் மறக்குறது. ரவுட்டர் பாஸ்வேர்டு மாத்தி பழசே போன்ல உக்காந்திருந்தா, எப்பவோ யாரோ அந்த வைஃபைக்கு ஐ.பியை ஸ்டாட்டிக்னு, அதாவது மாறாத ஒரே நம்பரா, போட்டு வச்சிருந்தா, இதுலயே சரியாயிடும், நஷ்டம் ஒரு பாஸ்வேர்டு மறுபடி அடிக்கணும் அவ்வளவுதான். பாஸ்வேர்டு கைல இருக்கான்னு பாத்துட்டு ஃபர்கெட் பண்ணுங்க, இதுல மாட்டிக்கிட்டு முழிச்ச சொந்தக்காரங்க எங்க வீட்டுல மட்டும் நாலு பேர். இன்னொரு போன்ல அந்த வைஃபை கனெக்ட் ஆகி இருந்தா ஷேர் அமுக்கி க்யூஆர் கோடு எடுத்துக்கலாம்.

நெட்வொர்க் ரீசெட் அடுத்த படி. ஆண்ட்ராய்டுல சிஸ்டம்குள்ள ரீசெட் ஆப்ஷன்ஸ்ல இருக்கும், சாம்சங்ல ஜெனரல் மேனேஜ்மென்ட்குள்ள, ஐபோன்ல ஜெனரல் போய் கடைசில டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்குள்ள. எல்லா வைஃபை பாஸ்வேர்டும் போகும், ஆண்ட்ராய்டுல ப்ளூடூத் இயர்போன் வாட்ச் எல்லாம் மறுபடி ஜோடி சேர்க்கணும், வி.பி.என் (நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி அனுப்புறது) செட்டிங், கையால போட்ட ஏ.பி.என் (சிம் டேட்டாவுக்கான செட்டிங்) இருந்தா அதுவும் போகும். போட்டோ, மெசேஜ், ஆப் எதையும் தொடாது. ஒரு வைஃபை மட்டும் படுத்துனா ஃபர்கெட் போதும், வீட்டு வைஃபை ஆபீஸ் வைஃபை பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்னு எதுலயும் ஒட்டலன்னாத்தான் நெட்வொர்க் ரீசெட். பெரும்பாலும் பெரிய அப்டேட் வந்த மறுநாள் வர்ற கோளாறுக்கு இதுதான் மருந்து.

ஃபேக்டரி ரீசெட் பத்தி என் முடிவு ஒண்ணுதான், வைஃபை ஆன் பண்ற பட்டனே சாம்பல் நிறமா அமுங்காம இருக்கு, நெட்வொர்க் ரீசெட்டும் கேக்கல, பேக்கப் எடுத்தாச்சு, அப்புறம்தான் அந்தப் பேச்சு. அப்பவும் சில கேஸ்ல உள்ள சிப்பு போயிருக்கும், அழிச்சும் வராது. கடைல இதை முதல்ல சொல்றது அவங்களுக்கு சுலபம்ங்கிறதாலதான், உங்களுக்கு எது நல்லதுன்னு பாத்து இல்ல.

சரி அத்தை போன்ல என்னதான் ஆச்சு? வைஃபைலயும் வரல டேட்டாலயும் வரலன்ன உடனே நான் மூணு இடம் பாக்கச் சொன்னேன். மேல சாவி மாதிரி படம் இருக்கா, இருந்தா வி.பி.என் ஓடுது. இல்ல. தேதி நேரம் சரியா இருக்கா, ஏன்னா தேதி தப்பா இருந்தா வெப்சைட்டோட பாதுகாப்பு சர்ட்டிஃபிகேட்டை போன் நம்பாது, நெட் இருந்தும் எதுவும் திறக்காது. சரியா இருந்துச்சு. மூணாவது பிரைவேட் டி.என்.எஸ், செட்டிங்ஸ்ல தேடுற கட்டத்துல அடிச்சா வந்துரும். அங்க ஒரு நீளமான முகவரி உக்காந்திருக்கு. "என்னத்தை இது?" "போன லீவுக்கு வந்தப்போ பேரன் விளம்பரம் வராம இருக்க ஏதோ போட்டான்பா." அந்த சர்வர் இப்போ பதில் சொல்லல. 2018ல வந்த ஆண்ட்ராய்டு 9ல இருந்து இந்த வசதி இருக்கு, பேரை எழுதி வச்சுட்டா போன் அந்த ஒரு சர்வரைத்தான் கேக்கும், அது செத்தா வேற யாரையும் கேக்காது, வைஃபையோ டேட்டாவோ எல்லாமே நின்னுடும். ஆட்டோமேட்டிக்னு மாத்தச் சொன்னேன், சேவ் அமுக்குன அடுத்த நிமிஷம் டொக்கு டொக்குனு மெசேஜ் விழுற சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு.

டி.என்.எஸ் மாத்துறதுலயும் ரெண்டு வழி இருக்கு, அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஆண்ட்ராய்டுல ஒரு வைஃபைக்கு மட்டும் கூகுளோட 8.8.8.8ஐயோ க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1ஐயோ போடணும்னா நிறைய போன்ல ஐ.பி செட்டிங்கை ஸ்டாட்டிக் ஆக்கச் சொல்லும், அப்போ டி.என்.எஸ் கூட சேர்ந்து போனோட ஐ.பியும் கல்லு மாதிரி நின்னுடும். நாளைக்கு ரவுட்டர் அதே நம்பரை டிவிக்குக் குடுத்துச்சுன்னா ரெண்டும் முட்டிக்கும், விட்டு விட்டு நெட் போகும், காரணமே புரியாது. அதுக்குப் பதில் ரவுட்டர்ல ஒரே தடவை மாத்திட்டா வீட்டுல எல்லா போனுக்கும் சேரும், போன்ல கை வைக்கவே வேண்டாம். ஐபோன்ல இந்தத் தொல்லை இல்ல, கான்ஃபிகர் டி.என்.எஸ்னு தனியாவே குடுத்திருக்காங்க. அத்தை போன் மாதிரி பிரைவேட் டி.என்.எஸ் எல்லாத்தையும் நிறுத்துற கேஸ் போக, வாட்ஸ்ஆப் போகுது ஆனா சில சைட் மட்டும் திறக்கலன்னாத்தான் டி.என்.எஸ் மேல சந்தேகப்படணும், ஸ்பீடு கம்மிங்கிறதுக்கு இது மருந்தே இல்ல.

போன் சரியான உடனே அத்தை ரெண்டாவது பிராதை வச்சாங்க, பட்டாசாலைல நல்லா வருது, அடுப்படிக்குப் போனா நிக்குது. இது வேற கோளாறு, இங்கதான் 2.4ஆ 5ஆங்கிற போட்டி, ரெண்டும் வைஃபை ஓடுற அலைவரிசை (பேண்டு), கிகாஹெர்ட்ஸ் கணக்குல.

முதல்ல ஒரு குழப்பம். ரவுட்டர் வைஃபை பேரு பின்னாடி 5ஜின்னு இருக்கும், அது சிம் கார்டு 5ஜி இல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. என் போன் 4ஜிதானேன்னு அதுல சேராம இருக்குறவங்க நிறைய. போனோட வைஃபைல அந்த பேண்டு இருந்தா 4ஜி போன்லயும் சேரும், இல்லன்னா அந்தப் பேரே லிஸ்ட்ல வராது, அதை வச்சே கண்டுபிடிச்சுக்கலாம்.

5 வேகம், நெரிசல் கம்மி, ஆனா சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவா போனாலும் சுவரை ஓரளவு தாண்டும், ஆனா அந்த ரோட்டுல எல்லாரும் இருப்பாங்க, பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், சூடு பண்ற மைக்ரோவேவ் அடுப்பு வரைக்கும். 2.4ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காம 1, 6, 11னு மூணு சேனல்தான், தெருவுல இருபது வீடு இருந்தா யோசிச்சுக்கோங்க. ஹால்ல உக்காந்து வீடியோ பாக்க 5, ரெண்டு சுவரு தாண்டி மெசேஜ் பாக்க 2.4, இதான் என் கணக்கு. 5ல இன்னொரு குணம், 52ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல் ரேடாரோட பங்கு போட்டுக்குறது, ரேடார் சத்தம் கேட்டா ரவுட்டர் அந்த சேனலை விட்டே ஆகணும், புதுசா அதுல உக்காரணும்னாலும் ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் உக்காரும். 5 பேண்டு மட்டும் திடீர்னு காணாமப் போய் திரும்ப வந்தா சேனலை 36னு நிறுத்திப் பாருங்க, பெரும்பாலும் நின்னுடும்.

ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேரு வைக்கலாமா தனித்தனியாவான்னா, வயசானவங்க இருக்குற வீட்டுல ஒரே பேருதான் நிம்மதி, போனே மாறிக்கும். ஆனா போன் மாறுறதுக்கு சோம்பேறித்தனம் படும், ஐபோன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழ போனாத்தான் வேற இடமே தேட ஆரம்பிக்கும். அடுப்படில போய் நெட் நின்னா வைஃபையை ஒரு தடவை ஆஃப் ஆன் பண்ணா உடனே வர்றதுக்குக் காரணம் இதான்.

அத்தை வீடு பழைய காரை வீடு, சுவரு ஒண்ணரை அடி. ரவுட்டர் இருந்தது பட்டாசாலை மூலைல, ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாடி. காசு செலவில்லாத வைத்தியம் முதல்ல, மாமாகிட்ட சொல்லி வயர் எட்டுற வரைக்கும் இழுத்து நிலைக்கதவுக்கு மேல பலகைல வைக்கச் சொன்னேன், இதுலயே அடுப்படில ஒரு கோடு கூடுச்சு. அதுக்கு மேல வேணும்னா ரிப்பீட்டரா, கேபிள் போட்டு இன்னொரு ரவுட்டரா. ரிப்பீட்டர் விலை கம்மி, ப்ளக்ல சொருகுனா ஆச்சு, ஆனா ஒரே பேண்டுல வாங்கி அதே பேண்டுல திரும்பக் குடுக்கும்போது ஸ்பீடு ஏறக்குறைய பாதியாகும். எல்லாரும் பண்ற தப்பு, நெட் வராத இடத்துலயே அதைக் கொண்டு போய் சொருகுறது, அதுக்கே சிக்னல் வரலன்னா அது எதைக் குடுக்கும்? பாதி வழியில வைக்கணும். கேபிள் இழுக்குறது ஒரு நாள் வேலை, ஆனா வேகம் குறையாது, மழையோ நெரிசலோ பாதிக்காது.

கேபிள்தான்னு முடிவாச்சு, மாமா வீட்டுல சும்மா கிடந்த பழைய ரவுட்டரையே அடுப்படிக்கு எடுத்துக்கிட்டோம். அதோட லேன் ஓட்டைல கேபிளைச் சொருகி, அதுல டி.எச்.சி.பியை (போனுக்கெல்லாம் ஐ.பி பிரிச்சுக் குடுக்குற வேலை) ஆஃப் பண்ணி, முதல் ரவுட்டர் 192.168.1.1ன்னா இதுக்கு 192.168.1.2ன்னு குடுத்து, வைஃபை பேரும் பாஸ்வேர்டும் அச்சு அசலா ஒண்ணா வச்சு, சேனலை மட்டும் வேற வேறயா போடணும். டி.எச்.சி.பியை ஆஃப் பண்ண மறந்தா ரெண்டு ரவுட்டரும் ஐ.பி குடுக்கக் கிளம்பி, அத்தை மறுபடியும் ஆச்சரியக்குறின்னு போன் பண்ணுவாங்க. கேபிள் வாங்கும்போது கேட் 6ன்னு மட்டும் கேக்காம முழு செம்பான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுனதும் அதே பேர்ல கடைல இருக்கு, வளைக்கிற இடத்துல சீக்கிரம் முறியும். கத்தியால நுனியைச் சுரண்டிப் பாத்தா வெள்ளையா தெரியும், மாமா கடைல நின்னு சுரண்டிப் பாத்துட்டுத்தான் இருபது மீட்டர் வாங்கிட்டு வந்தாங்க.