ராகு: 15 ஆண்டுக் காத்திருப்புக்கு ஈடானதா?

ராகு ஒரு நிரல்மொழி. 2000 ஜூலையில், பெர்ல் மொழியின் அடுத்த பதிப்பாக, 'பெர்ல் 6' என்ற பெயரில் இது அறிவிக்கப்பட்டது. யோசனை கேட்டதும் 361 முன்மொழிவுகள் குவிந்தன. வடிவமைப்பு முடிவதற்கே ஆண்டுகள் ஓடின. முதல் நிலையான பதிப்பு 2015 கிறிஸ்துமஸில்தான் வந்தது. 2019-இல் பெயரும் 'ராகு' ஆனது.

கணக்கில் இது அருமை: 0.1 + 0.2 == 0.3 என்றால் 'சரி' என்கிறது, ஏனெனில் தசம எண்களைப் பின்னமாகவே வைத்துக்கொள்கிறது. தமிழுக்கு இன்னும் இனிப்பான செய்தி உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 3 என்கிறது. பைத்தான் நிரல்மொழி 5 என்கிறது, மெய்ப்புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால். சொல்லைத் திருப்பிப் போட்டாலும் எழுத்து சிதையாது. இதற்காகவே நிறுவிப் பார்க்கலாம்.

குறைகள்: ரெகெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் குறிமுறை) வேகத்தில் பழைய பெர்லான பெர்ல் 5-ஐ விட வெகுவாகப் பின்தங்குகிறது. சில மெகாபைட் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பில் தேடினாலே அது தெரிந்துவிடும். பழைய பெர்ல் நிரல் அப்படியே ஓடாது: எழுத்துச் சரங்களை இணைக்கப் புள்ளிக்குப் பதில் ~, மெத்தடை (பொருளுக்குரிய செயற்கூறை) அழைக்க அம்புக்குறிக்குப் பதில் புள்ளி. பழைய பெர்ல் மாட்யூல்கள் (தயார் நிரல் தொகுதிகள்) வேண்டுமென்றால் முதலில் ராகுவின் தொகுப்பு நிறுவியான 'ஸெஃப்' கொண்டு, அவற்றை ராகுவுக்குள் பயன்படுத்த உதவும் 'இன்லைன் பெர்ல் 5'-ஐ நிறுவுங்கள். பெர்ல் 5 கணினியில் இருக்க வேண்டும்.