"வராமலே பி.எட்." என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவருடைய ரசீது இது. பாதி கிழித்த தாள். மேலே ஒரு கன்சல்டன்சியின் ரப்பர் ஸ்டாம்பு, நடுவில் பால்பாயிண்ட் பேனாவில் "பயிற்சி நூல்கள் வகைக்கு ரூ.85,000", கீழே புரியாத ஒரு கையெழுத்து. கல்லூரிப் பெயர் இல்லை, பல்கலைக்கழகப் பெயர் இல்லை, பி.எட். என்ற சொல்லே எங்கும் இல்லை. மீதிப் பணம் ஒரு தனி ஆளின் செல்போன் எண்ணுக்கு ஜிபேயில் போயிருக்கிறது. இரண்டு வருடத்தில் கட்டியது ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் "ரெகுலர்" பி.எட். என்று சேர்த்திருக்கிறார்கள். "நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு இரும்மா, அட்டெண்டன்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், பரிட்சைக்கு மட்டும் ரயில் ஏறினா போதும்" என்பதுதான் பேச்சு. மார்க்‌ஷீட் வந்தது, பட்டமும் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்து நியமன ஒப்புதலுக்குக் கோப்பு போனபோதுதான் வண்டி நின்றது. அவர் இணைத்த பணி அனுபவச் சான்றில் இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் முழுநேரம் வேலை பார்த்த இரண்டு வருடமும், பட்டத்தில் இருக்கும் இரண்டு வருடமும் ஒன்றே. கற்பித்தல் பயிற்சி எந்தப் பள்ளியில் என்று கேட்டதற்கு அவரால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. பட்டத்தின் உண்மைத்தன்மை கேட்டுப் போன கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. வேலை போனது. ஏஜென்டின் அறை பூட்டிக் கிடக்கிறது.

இது ஒருவர் கதை மட்டும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வில்லியனூர் வரை இதே பேச்சு, இதே வகை ரசீது. ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிற பெண்கள். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் வலை விரிக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், இந்தப் பட்டம் ஏன் நிற்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். பி.எட்.டுக்கு விதி போடுவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. அதன் 2014 விதிமுறைகளின்படி ரெகுலர் பி.எட். இரண்டு வருடம். வருடத்துக்கு 200 வேலைநாள், வாரம் 36 மணி நேரம். வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு. கணக்குப் போட்டால், பள்ளிப் பயிற்சியும் சேர்த்து, வருடத்துக்குக் குறைந்தது 160 நாள் நேரில் வந்தே ஆக வேண்டும். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. அந்த 16 வாரமும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் வருகைப்பதிவேட்டில் உங்கள் கையெழுத்து விழ வேண்டும். முடிவில் அவர் முத்திரையோடு சான்று தர வேண்டும். ஏஜென்ட் என்னதான் பார்த்துக்கொண்டாலும், நீங்கள் மிதிக்காத பள்ளியின் பதிவேட்டில் உங்கள் பெயர் வந்தால் அது பொய் ஆவணம். மாட்டும்போது ஏஜென்ட் பெயர் எங்கும் இருக்காது, உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

செய்முறையைக் காசுக்கு வாங்குவதும் இதே கதைதான். கடைகளில் எழுதித் தரும் ரெக்கார்டு நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) என்றால் 6 நிமிடம் நடத்துவது, 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திட்டத்தைத் திருத்துவது, மறுபடி 6 நிமிடம் நடத்துவது, மறுபடி 6 நிமிடம் பின்னூட்டம். ஆக 36 நிமிடச் சுற்று. வினா கேட்கும் திறன், தூண்டல் மாற்றும் திறன் என்று ஒவ்வொன்றையும் இப்படிச் செய்து பார்த்தவருக்கும் நோட்டை மட்டும் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்ன முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல தனியார் பள்ளிகளின் நேர்முகத்தில் இப்போது கரும்பலகை முன்னால்தான் நிற்க வைக்கிறார்கள்.

"அப்படியானால் தொலைதூரக் கல்வியில் சேர்த்துவிடுகிறோம்" என்பது அடுத்த தூண்டில். தொலைதூர பி.எட். உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது டிகிரி முடித்த எல்லோருக்கும் இல்லை. தொடக்கநிலையில் பணியில் இருக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும், அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேரடியாக வகுப்புக்குப் போய் முடித்தவர்களுக்கும்தான். நீங்கள் டி.டி.எட். அல்லது டி.எல்.எட். என்ற தொடக்கநிலை ஆசிரியர் பட்டயப் படிப்பை முடிக்காமல் வெறும் பி.எஸ்சி.யோடு இருந்தால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. திறக்கிறேன் என்று சொல்பவர் வேறு ஒருவருடைய சாவியை விற்கிறார்.

"ஒரு வருட பி.எட். வந்துவிட்டது" என்பதும் இப்போது அதிகம் கேட்கிறது. 2025-இல் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிமுறைகளில் நான்கு வருட டிகிரி அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு வருடப் படிப்பு பற்றிப் பேச்சு உண்டு. அதைக் காட்டிப் பணம் கேட்டால், அந்தக் கல்லூரிக்கு ஒரு வருடப் படிப்புக்கென்று தனியாக வந்த அங்கீகார ஆணையைக் கேளுங்கள். ஆணை இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த வேண்டும் என்பதற்காக பி.எட். சேர்கிறவர்களும் நிற்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: தொடக்கநிலை ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது, டி.எல்.எட். வேண்டும். "பி.எட். முடிச்சா எல்லா வகுப்புக்கும் போகலாம்" என்று இன்னமும் நோட்டீஸ் அடிக்கிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரைக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரைக்கு. பி.எட்.டோடு நீங்கள் எழுத வேண்டியது இரண்டாம் தாள்.

பாடப் பொருத்தமும் பெரிய குழி. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு உங்கள் இளநிலைப் பட்டத்தின் முதன்மைப் பாடமும் பி.எட்.டில் எடுத்த கற்பித்தல் பாடமும் ஒன்றாக இருக்க வேண்டும். மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி போன்ற பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை (அந்தப் பட்டம் பள்ளிப் பாடத்துக்குரிய பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை) இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்ந்துவிட்டு, பிறகு தவிக்கிறார்கள். பி.காம். மட்டும் படித்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல் மேல்நிலையில்தான் வருகிறது, அங்கே போக முதுகலை வேண்டும். தமிழ்வழியில் படித்தவருக்கான 20 விழுக்காடு முன்னுரிமையை நம்பியிருப்பவர், பி.எட்.டையும் தமிழ்வழியில் படித்ததாகக் கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்க வேண்டியிருக்கும். வடக்கே எங்கோ இருக்கும் கல்லூரி அதைத் தராது.

சேரும் முன் செய்ய வேண்டியதற்கு ஒரு நாள் போதும். என்.சி.டி.இ. இணையதளத்தில் மாநிலவாரியான பட்டியலில் கல்லூரிப் பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே அறக்கட்டளை மூன்று கல்லூரி நடத்தும். அங்கீகாரம் ஒன்றுக்குத்தான் இருக்கும். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பழைய ஆணையை நம்ப வேண்டாம், அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். ஆணையில் எத்தனை யூனிட் என்று பாருங்கள். ஒரு யூனிட் என்றால் வருடத்துக்கு 50 பேர். ஒரு யூனிட் வைத்திருக்கும் கல்லூரியில் ஒரே வருடத்தில் 80 பேர் சேர்ந்திருந்தால் 30 பேருக்குப் பதிவெண் வராது.

பிறகு, கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டுத் தனியார் பி.எட். கல்லூரி என்றால் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். புதுச்சேரி என்றால் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம். கடலூர் சாலையில் கன்னியக்கோயில் தாண்டி ரெட்டிச்சாவடி வந்தால் மாநிலம் மாறுகிறது, பல்கலைக்கழகமும் மாறுகிறது. கல்லூரி இருக்கும் மண்ணும் மார்க்‌ஷீட்டில் வரப்போகும் பல்கலைக்கழகப் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். காலாப்பட்டுக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் போகிறது. கல்லூரிக்கும் ஒரு சாதாரண வேலைநாளில், சொல்லாமல், காலை பதினொரு மணிக்குப் போங்கள். இரண்டு யூனிட் கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர் இருக்க வேண்டும். வாட்ச்மேனும் ஒரு கிளார்க்கும் மட்டும் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். ரசீதில் கல்லூரிப் பெயர், படிப்பு, எந்தக் கல்வியாண்டு, என்ன வகைக் கட்டணம் என்ற நான்கும் இருக்க வேண்டும். "நூல்கள் வகைக்கு", "சர்வீஸ் சார்ஜ்" என்று எழுதினால் கட்டணமே வாங்கவில்லை என்று நாளைக்குச் சொல்ல வழி வைக்கிறார்கள் என்று பொருள்.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றையும் காட்டுங்கள், சுயசான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்தபடி கல்லூரி ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது. அதே அறிவிப்பில் பணம் திரும்பத் தரும் கணக்கும் இருக்கிறது: சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுத் தொகை (5 விழுக்காடு, அதிகபட்சம் ரூ.5,000 மட்டும் பிடிக்கலாம்), 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 50. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. எனவே சந்தேகம் வந்த அன்றே விலகல் கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். "வாய்மொழியா சொன்னா போதும்மா" என்று நாளைக் கடத்துவார்கள். ஒவ்வொரு நாளும் உங்கள் பணம்தான் கரைகிறது.

ஏற்கெனவே ஏஜென்டிடம் கட்டிவிட்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். அந்த எண் மாறும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜிபே பரிவர்த்தனை எண்களோடு தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, வங்கி ஸ்டேட்மென்டையும் இணைத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். மோசடிக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. மனு ஏற்புச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்; ஸ்டேஷனில் எடுக்கவில்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுங்கள். படிப்பு இன்னும் முடியாமல் பாதியில் இருந்தால் அந்த மார்க்‌ஷீட்டை எந்த வேலை விண்ணப்பத்திலும் சேர்க்காதீர்கள். சேர்க்காதவரை நீங்கள் புகார்தாரர். சேர்த்த பிறகு அந்த மனுவில் உங்கள் பெயர் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது.