ஒரு சொட்டு ஒயில், நான்கு பதில்கள்

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன் என் காரின் அடியில் ஒயில் சொட்டத் தொடங்கியது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றம் சீமெந்துத் தரை. காலையில் பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. மூன்றாம் நாள் இரண்டு பொட்டு.

கார் 1990இல் செய்த யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானுக்கு வெளியே இதே வண்டியை மஸ்டா எம்.எக்ஸ்-5 என்பார்கள். இரண்டு இருக்கை, 1.6 லீட்டர் எஞ்சின், துணிக்கூரை, சுவிட்சைத் தட்டினால் எழுந்து விழிக்கும் தவளைக்கண் விளக்குகள். கொழும்பில் இருந்த என் மாமா ஆசை ஆசையாக வைத்திருந்து, முதுகுவலி வந்ததும் என் தலையில் கட்டிவிட்டார். இதில் கடற்கரை வீதியால் போனால் பள்ளிப் பிள்ளைகள் கை அசைப்பார்கள். கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால் பெரியவர்கள் கையைப் பிசைவார்கள்.

திருகோணமலையில் கராஜுக்குப் பஞ்சமில்லை. ஹைஏஸ் வானையும் மீன் லொறியையும் முச்சக்கர வண்டியையும் கண்ணைக் கட்டிக்கொண்டு திருத்தக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிட்டார்கள். அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுத்துக் கொடுத்தே இங்குள்ள பலருக்குக் கை இன்னும் பழகிவிட்டது. ஆனால் முப்பத்தைந்து வயது ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இருவகை ஆட்கள்தான் எதிர்ப்படுகிறார்கள். பார்த்ததும் பயப்படுகிறவர்கள் ஒரு வகை. பார்த்ததும் விலையை ஏற்றுகிறவர்கள் மறு வகை.

இந்த எஞ்சினின் பின்புறத்தில் ஒயில் கசிய முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின் சீல், அதாவது ஒயிலை அடைத்து நிற்கும் வளையம். அதை மாற்றக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். மற்றது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று அறியும் கேம் சென்சர்; சிலிண்டர் தலையின் பின்முனையில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங், கைக்குழந்தையின் வளையல் அளவு. வருடக்கணக்கான சூட்டில் அது காய்ந்து கல்லாகிவிடும். அங்கிருந்து வழியும் ஒயில் எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கியர்பொக்ஸ் பொருந்தும் இடத்தில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்குப் பின் சீல் போனது போலவே தெரியும். ஓ-ரிங்கின் விலை ஒரு சோற்றுப் பார்சலுக்கு மேல் வராது. இவ்வளவும் நான் படித்து அறிந்தவை. என் வண்டியில் எது என்பது எனக்கும் தெரியாது.

ஆகவே நான்கு இடங்களில் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "எஞ்சினின் பின்பக்கம் ஒயில் சொட்டுகிறது." பிறகு வாயை மூடிக்கொண்டு, முதல் பத்து நிமிடம் என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

கண்டி வீதியிலுள்ள பெரிய கராஜில் அந்தப் பத்து நிமிடமும் ஸ்கானரில் போயிற்று. நிலத்துக்கு டைல்ஸ், காத்திருப்பவர்களுக்குக் குளிரூட்டிய அறை, பால் தேநீர். சீருடைப் பையன் டாஷ்போர்டின் கீழே ஸ்கானரைச் செருகும் இடத்தைத் தடவித் தடவித் தேடினான். அது அங்கே இருக்காது. இந்தக் காலத்து வண்டிகளில் உள்ள பொதுச் செருகி வருவதற்கு முந்திய கார் இது. இதன் சோதனைப் பெட்டி பொனட்டுக்குள் இருக்கிறது. ஸ்கானர் பிடிக்காததால் "கம்பியூட்டரும் பழுது போல, சேர்" என்றார் மேற்பார்வையாளர். வண்டியை லிப்டில் ஏற்றி, கீழிருந்து ஒரு பார்வை பார்த்து, பின் சீல் என்று தீர்ப்பு எழுதினார்கள். கியர்பொக்ஸ் இறக்கும்போது கிளட்ச் தட்டையும் மாற்றிவிடலாமாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாததால் அதையும் மாற்ற வேண்டுமாம், அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடுமாம்.

பெல்ட்டை மாற்றச் சொன்னதில் தவறில்லை, ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். ஆனால் இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நடுவீதியில் நிற்கும், அவ்வளவே. பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று தொடாதபடி அமைந்த எஞ்சின் இது. தெரியாமல் சொன்னாரா, பயமுறுத்தச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மதிப்பீட்டை அச்சடித்துத் தந்தார்கள், உத்தரவாதமும் எழுதியிருந்தார்கள். மற்ற மூவரிடமும் அது கிடையாது. அந்தத் தொகைக்கு ஓடும் நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். சில்லு அலைன்மென்ட் பார்க்க மட்டும் இன்றும் அங்கே போகிறேன். அவர்களது இயந்திரம் நல்ல இயந்திரம்.

கொழும்பில் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் திருத்தும் பாஸ் ஒருவரைப் பற்றி மாமா சொல்லியிருந்தார். தொலைபேசியில் எடுத்து, என் அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலிருந்து, எஞ்சின் தலையின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு "கேம் சென்சர் ஓ-ரிங்காக இருக்கும்" என்றார். அறிவில் அவரை அடிக்க இங்கே ஆளில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் இடையில் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிவிட்டால் யானை வரும். என் கார் யானையின் முழங்கால் உயரம்கூட இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தாலும் வரிசையில் மூன்று வாரம் நிற்க வேண்டும். கார் அங்கே, நான் இங்கே. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் படங்களை வைத்து நானும் தலையாட்ட வேண்டியதுதான். சிறு வேலைகளுக்கு இது கட்டாது.

உப்புவெளியில் ஓர் ஐயா இருக்கிறார், இலங்கைப் போக்குவரத்துச் சபைச் சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் லேலண்ட் பஸ்களோடும் டாட்டா பஸ்களோடும் வாழ்ந்து ஓய்வுபெற்றவர். கராஜ் என்று ஒன்றும் இல்லை. வீட்டுத் தென்னையடியில் ஒரு பெட்டி சாவிகள், ஒரு பழைய சாக்கு, அவ்வளவுதான். எஞ்சினை ஓடவிடச் சொன்னார். நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சின் மீது வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "மேலே டிக் டிக் என்கிறது. அது நோயில்லை, தம்பி. ஒயில் பழசு." உண்மைதான். இந்த எஞ்சினில் வால்வை இயக்கும் சிறு கிண்ணங்களுக்குள் ஒயில் நிறைந்து நிற்க வேண்டும். அழுக்கு ஒயிலால் அவை நிறையாவிட்டால் தட்டும் சத்தம் வரும். நல்ல ஒயில் ஊற்றி ஒரு வாரம் ஓடியதும் பாதி அடங்கியது.

சொட்டுக்கு அவர் செய்த வைத்தியத்தை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. எஞ்சினின் முதுகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிட்டார். உள்ளே போய்ப் பேத்தியின் முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து அதன் மேல் தூவினார். நிலாவெளி வரை ஓட்டிப் போய் வரச் சொன்னார். திரும்பி வந்து பொனட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரின் மேல் கறுப்புக் கோடொன்று உச்சியிலிருந்து இறங்கியிருந்தது. ஸ்கானரும் லிப்டும் காணாததைப் பவுடர் டப்பா காட்டிவிட்டது. கோடு கீழே தொடங்கியிருந்தால் பின் சீல் என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்தச் சென்சரைக் கழற்றும் இடம் மிக இறுக்கமானது. தகட்டுச் சுவருக்கும் எஞ்சினுக்கும் இடையில் முழங்கைவரை கையை நுழைக்க வேண்டும். ஐயாவுக்கு முதுகு வளையாது, கை லேசாக நடுங்கும். வயர் என்றாலே அவருக்கு ஆகாது. காசும் வாங்க மாட்டார். இதைப் பெருந்தன்மை என்று நினைத்து மகிழ்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, காசு வாங்காதவரிடம் அவசரம் என்று சொல்ல முடியாது, பிழை என்றும் சொல்ல முடியாது.

கடைசியாகப் போனது கிண்ணியாவுக்கு. 2009இல் பாலம் திறக்கும்வரை படகுப் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். இப்போது சீனக்குடாவைத் தாண்டிப் பாலத்தில் ஏறினால் போதும். அங்கே ஒரு நானா மஸ்டா பெமிலியாக் கார்களும் போர்ட் லேசர்களும் திருத்துகிறார். எப்போது போனாலும் வேப்பமரத்தடியில் இரண்டு பெமிலியா வாய் திறந்து நிற்கும். ரோட்ஸ்டரை அவர் அதுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை. பொனட்டைத் திறந்து, எஞ்சின் கட்டையில் பொறித்திருந்த பி-6 என்ற எழுத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பெமிலியாவின் தங்கச்சியல்லவா, தம்பி!"

அந்தச் சொல்லில்தான் எனக்கு வழி திறந்தது. நான் ஸ்போர்ட்ஸ் கார் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடியிருக்க வேண்டியது அந்த எஞ்சின் குடும்பத்தைத் தெரிந்தவரை. நம் ஊரில் ஓடும் பெமிலியாக்களில் பெரும்பாலும் ஒரு கேம் தண்டு, என் காரில் இரண்டு. கியர்பொக்ஸ் குறுக்கே கிடப்பதற்குப் பதில் நீளவாக்கில் கிடக்கிறது. மற்றபடி வம்சம் ஒன்றுதான்.

நானா முதலில் கீழே படுத்துப் பார்த்தார். பிறகு மேலிருந்து, சவரக் கண்ணாடியொன்றைப் பின்பக்கம் நீட்டி டோர்ச் அடித்துப் பார்த்தார். பவுடர் கதையை நான் சொல்லவில்லை. "மேலேயிருந்தும் வரலாம், கீழேயிருந்தும் வரலாம். மேலே செலவு குறைவு, அதை முதலில் செய்வோம். ஒரு கிழமை ஓடு. பிறகும் சொட்டினால்தான் கியர்பொக்ஸ் பேச்சு" என்றார். கண்டி வீதிக்காரர் நேரே கியர்பொக்ஸுக்குப் போனார், இவர் அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

கழற்றும் முன் ஆணியால் சென்சரிலும் தலையிலும் சேர்த்து ஒரு கோடு கீறினார்; சென்சர் சற்றுத் திரும்பினாலும் தீப்பொறி விழும் நேரம் மாறிவிடும். மாட்டிய பின், தீப்பொறி நேரத்தைப் பார்க்க டைமிங் விளக்கு பிடிப்பதற்கு முன் பொனட்டுக்குள் உள்ள பெட்டியில் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைக்க வேண்டும், அப்போதுதான் 10 பாகை சரியாகக் காட்டும் என்று நான் சொன்னேன். அவருக்கு அது புதிது. முகம் சுளிக்கவில்லை, கம்பியை என்னிடமே தந்து இணைக்கச் சொன்னார். பழைய ஓ-ரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். வளைத்தேன், முறுக்குப் போல ஒடிந்தது.

நானாவிடம் குறையில்லையா என்றால், நிறையவே உண்டு. பில் என்ற பேச்சே கிடையாது. நாளைக்கு என்றால் அது நாளை மறுநாளாகவும் இருக்கலாம், அடுத்த திங்களாகவும் இருக்கலாம். கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் சொல்லி வைத்துப் பாவித்த சாமானைப் பஸ்ஸில் போட்டு வரவழைப்பார். ஒருமுறை கிளட்சுக்கு வேறு வண்டியின் சிலிண்டர் வந்து, பத்து நாள் கார் வேப்பம்பூ சுமந்து நின்றது. இருக்கையில் அவரது ஐந்து விரலும் ஒயிலில் பதிந்திருக்கின்றன. துருவைக் காட்டினால் "அது டிங்கர் வேலை" என்று கையைக் கழுவிவிடுவார். இந்தக் காரில் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள துளைகளால் வடிய வேண்டும். அவை சருகால் அடைத்தால் கதவடிப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே தின்னும். கடல் காற்றும் வாடை மழையும் சேர்ந்த ஊரில் கேட்கவே வேண்டாம். நால்வரில் ஒருவர்கூட அந்தத் துளைகளைப் பார்க்கவில்லை, கொழும்புக்காரர் மட்டும் தொலைபேசியிலேயே கேட்டார். இப்போது மாதம் ஒருமுறை நானே மெல்லிய குழாய் விட்டுக் குத்துகிறேன்.

ஒருமுறை நானாவையும் சந்தேகித்தேன். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி மண்ணிறமாகிவிட்டது, வெடிக்கும், மாற்று என்றார். ஒழுக்கு எதுவும் இல்லையே, வேலை பிடிக்கிறாரோ என்று நினைத்து உப்புவெளிக்கு ஓட்டினேன். ஐயா நகத்தால் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "கந்தளாய் தாண்ட மாட்டாய்" என்றார். மாற்றினேன். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது என்பது எனக்கு வசதி.

ஆக, இன்று என் கணக்கு இப்படி ஓடுகிறது. சத்தம், சூடு, சந்தேகம் என்றால் ஐயா. சாவி பிடிக்கும் வேலை நானா. கூரைத் துணி, இறக்குமதிச் சாமான் என்றால் கொழும்பு. மஸ்டாவே 2017இல் இந்த முதல் தலைமுறைக்கான மீட்டெடுப்புத் திட்டத்தை அறிவித்துச் சில பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியதால், சாமான் உலகத்தில் இல்லாமல் இல்லை, நம் கைக்கு வந்து சேரும் விலைதான் கசக்கிறது. ஒரே இடத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பவருக்கு என் ஏற்பாடு சரிவராது. அவர் அச்சடித்த பில்லுக்கு உரிய காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஒயில் சொட்டு நின்றுவிட்டது. அடுத்த வேலை எஞ்சினின் முன் சீல், அங்கேயும் லேசான ஈரம். அதற்குக் கிராங்க் புல்லியின் நடு ஆணியைக் கழற்ற வேண்டும். புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் அது தொடக்க கால எஞ்சின், கிராங்க் தண்டின் முன்முனையான மூக்குக் குட்டை. ஆணியைச் சரியான அளவில் இறுக்காவிட்டால் மூக்கில் புல்லி நழுவாமல் பிடிக்கும் வெட்டுத்தடம் தேய்ந்து கிராங்கே பாழாகும். என் புல்லியில் எண்ணினேன், நான்கு. நானாவிடம் இதைச் சொன்னபோது சாவி அவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் புல்லியையே பார்த்தார். சாவியைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "பெமிலியாவென்றால் கை அளவிலேயே இறுக்கிவிடுவேன். அளவுச் சாவி என்னிடம் இல்லை. இதை நான் தொட மாட்டேன், தம்பி. கொழும்புக்குக் கொண்டுபோ" என்றார்.

கொழும்பு பாஸிடம் நாள் கேட்டபோது, யாராவது அந்த ஆணியில் கை வைத்தார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றேன். மாசியில் வரச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறும்போது ஹபரணையைத் தாண்டிவிடலாம்.