மாடியிலிருந்து ஹாலுக்கு 5.1 ஒலி: ரொம்ப நாள் ஓட்டிய பிறகு

ராயபுரத்தில் எங்கள் வீடு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மொத்தம் ஆறு சேனல்) நெட்வொர்க்கில் அனுப்ப நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று: வைஃபையை நம்பாதீர்கள், லேன் வயர் இழுத்துவிடுங்கள்.

மாடியில் லினக்ஸ் கம்ப்யூட்டர். கீழே ஹாலில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதிலிருந்து எச்டிஎம்ஐயில் ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் (ஆப்டிகலில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும்). அனுப்புவது லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ மென்பொருளின் ஆர்டிபி, அதாவது ஒலியை நெட்வொர்க்கில் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பும் முறை. ஆறு சேனல், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், கணக்குப் போட்டால் நொடிக்கு 4.6 மெகாபிட்தான், இன்றைய வைஃபைக்கு இதெல்லாம் தூசு. ஆனாலும் சாயங்காலம் தெருவே வீடு திரும்பினதும் பாட்டு திக்கித் திக்கி வரும். வேகம் பத்தாமல் இல்லை. நாம் வேறு சொல்லாதவரை பல்ஸ்ஆடியோ 224.0.0.56 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் பொது முகவரி) அனுப்புகிறது, மல்டிகாஸ்ட்டை ரௌட்டர் பொதுவாகக் குறைந்த வேகத்தில்தான் காற்றில் விடும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது, தொலைந்த பாக்கெட் தொலைந்ததுதான். அதற்கு மேல் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. அதற்குப் பதில் அனுப்பும் முகவரியாக ராஸ்பெர்ரி பையின் சொந்த ஐபி முகவரியைக் கொடுத்ததும் பாதித் தொல்லை விட்டது, மீதி வயரோடு போனது. "எதுக்குண்ணா வயரு, அதான் வைஃபை இருக்கே" என்றார் இழுக்க வந்த தம்பி.

அப்புறம் சேனல் வரிசை. வேவ் ஃபைலில் மூன்றாவது சேனல் சென்டர், அதாவது வசனம் வரும் நடு ஸ்பீக்கர். லினக்ஸின் ஒலி டிரைவர் அடுக்கான அல்சாவில் மூன்றும் நான்கும் பின் ஸ்பீக்கர்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் வசனம் முழுக்க முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனித்தனியே டெஸ்ட் ஒலி விட்டுப் பாருங்கள், பல்ஸ்ஆடியோவில் சேனல்களை இடம் மாற்றும் ரீமேப் மாட்யூலில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) வித்தியாசம் என்றாலே மணிக்கு 180 மில்லிநொடி. வாங்கும் பக்கம் ஒலியின் வேகத்தைத் துளித்துளியாகச் சரிசெய்துகொள்வதால் முழுப் படமும் வெட்டில்லாமல் ஓடுகிறது.

வாங்கும் பக்கம் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து ஓட்டும் இடைவெளி) அரை நொடி வைத்திருக்கிறேன், அதனால் படத்தைவிட ஒலி பிந்தும். விஎல்சி பிளேயரில் ஜே (J) விசையை ஒரு தடவை அழுத்தினால் 50 மில்லிநொடி முன்னே வரும், பத்து அழுத்து அழுத்தினால் உதடும் வசனமும் சேர்ந்துவிடும். கேமுக்கு மட்டும் இது ஆகாது, சுட்ட பிறகு நிதானமாக வெடிச்சத்தம் வந்தால் என்ன விளையாடுவது, அதற்கு ஹெட்போன்தான்.