வீட்டில் கசாட்டா: ஐஸ்கிரீம் மேக்கரோடு சில கோடைகள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல சுவை ஐஸ்கிரீமை அடுக்கி, கேக் வைத்து உறையவிட்டு வெட்டும் கசாட்டாவைச் செய்து பார்க்கும் ஆசையில் ஐஸ்கிரீம் மேக்கர் வாங்க நினைப்பவர்கள், மெஷினைப் பார்க்கும் முன் வீட்டு ஃப்ரீசரைப் பாருங்கள். அதில் மைனஸ் 18 டிகிரி நிற்கவில்லை என்றால் எந்த மெஷினும் உதவாது.

நான் வைத்திருப்பது கிண்ணத்தை முன்கூட்டியே உறைய வைக்கும் வகை. கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்கு நடுவே ஒரு திரவம் இருக்கும். ஒரு முழு நாள் ஃப்ரீசரில் வைத்தால் அது உறைந்துவிடும். பிறகு வெளியே எடுத்து, துடுப்பை மாட்டி, மோட்டாரை ஓட விட்டு, பால் கலவையை ஊற்ற வேண்டும். மெஷினுக்கென்று சொந்தக் குளிர்ச்சி கிடையாது, சேமித்து வைத்ததைத்தான் செலவழிக்கிறது. சேலத்து ஏப்ரல், மே மதியத்தில் சமையலறை இருக்கும் சூட்டுக்கு அந்தச் சேமிப்பு சீக்கிரமே கரைந்துவிடும். 20 நிமிடத்துக்குள் கெட்டிப்படவில்லை என்றால் அப்புறம் கெட்டிப்படப் போவதில்லை. அதனால் கோடையில் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்தில் ஒரு நாளைக்கு ஒரு சுவைதான். மூன்று அடுக்கு கசாட்டா என்றால் மூன்று நாள். வெறும் வனிலா செய்பவருக்கு இது பெரிய குறை. கசாட்டாவுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் ஓர் அடுக்கு நன்றாக இறுகிய பிறகே அடுத்ததை ஊற்ற முடியும். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்க முடியாதது வீட்டில் மற்றவர்களுக்குத்தான். "ஃப்ரீசரையே நீ எழுதி வாங்கிக்கிட்ட, பட்டாணியை எங்க வைக்கறதுன்னு நீயே சொல்லு" என்பது அம்மாவின் நிரந்தரப் புகார். நியாயமான புகார்தான், அந்தக் கிண்ணம் பாதி ஃப்ரீசரை அடைத்துக்கொள்கிறது.

கலவை இப்போது ஒரே கணக்கில் நிலைத்துவிட்டது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் அரை லிட்டர், 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் 250 கிராம், சர்க்கரை 150 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு ஸ்பூன். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கலவையில் கிட்டத்தட்ட 10 சதவீதம் வரும். கடையில் 'ஐஸ்கிரீம்' என்று விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதி கேட்கும் அளவும் அதுதான். டப்பாவில் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது தாவரக் கொழுப்பு.

இதில் நம் ஊர்ச் சரக்கு ஒன்றையும் சேர்க்கிறேன். ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு சோள மாவைத் தேடுவானேன்? ஜவ்வரிசி தயாராகும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு ஒரு பெரிய ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த பாலில் கரைத்து, மீதிப் பால் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறினால் போதும். அந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெரிய ஐஸ் துகள் கட்டுவது குறைகிறது. சோள மாவில் வரும் மாவு வாசனையும் இதில் கிடையாது. ஆனால் அளவு மீறினால் வழவழவென்று ஆகிவிடும். கலவையை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஊற்ற வேண்டும்.

கசாட்டாவின் உண்மையான சிக்கல் அடுக்குவது அல்ல, வெட்டுவது. ஓர் அடுக்கு கல்லாகவும் பக்கத்து அடுக்கு கூழாகவும் இருந்தால் கத்தி இறங்கும்போதே துண்டு நசுங்கிவிடும். சர்க்கரை கூடக் கூட உறைநிலை இறங்கும், அடுக்கு இளகியே இருக்கும். அதனால் பால் கலவையைப் பங்கு பிரித்த பிறகே, சூடு ஆறும் முன், சர்க்கரையை அந்தந்தப் பங்கில் கரைக்கிறேன். இமாம்பசந்த் மாம்பழக் கூழ் சேரும் பங்குக்குப் பாதி சர்க்கரை போதும், பழமே அவ்வளவு இனிப்பு. அந்தக் கூழையும் அடுப்பில் வைத்து மூன்றில் ஒரு பங்கு வற்றவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் முழுவதும் ஐஸாகிப் பல்லில் கடிபடும். காபி அடுக்குக்கு டிகாக்‌ஷன் ஊற்றுவதில்லை, அதுவும் தண்ணீர்தானே! ஏற்காட்டு அரபிக்கா கொட்டையை ஒன்றிரண்டாக இடித்து, அந்தப் பங்குக் கலவையிலேயே இரவு ஊறவைத்து வடிகட்டினால் வாசனை மட்டும் இறங்கும். மூன்றாவது பிஸ்தா. பச்சை நிறம் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது.

அச்சுக்கென்று எதையும் வாங்க வேண்டாம். குழிவான எவர்சில்வர் கிண்ணம் போதும், பிளாஸ்டிக்கை விட வேகமாக உறையும். முதலில் பொடித்த முந்திரி தூவி, பிஸ்தாவைச் சுவரோடு பூசி, இறுகியதும் மாம்பழம், நடுக்குழியில் காபி. மேலே சர்க்கரைப் பாகு தடவிய ஸ்பாஞ்ச் கேக்கை மூடி போல வைத்து அழுத்திவிடலாம். பாகு இல்லாவிட்டால் கேக் விறைத்துவிடும். கவிழ்க்கும் முன் கிண்ணத்தின் வெளிப்புறம் சில நொடி வெந்நீரில் பட்டால் போதும். இத்தாலியின் சிசிலித் தீவில் கசாட்டா என்றால் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்த கேக். நம் கல்யாண ரிசப்ஷன் தட்டில் வருவது வேறு வகை, எனக்கு அதுதான் கசாட்டா.

மெஷின் எப்படி உழைக்கிறது? மோட்டார் நன்றாகவே இருக்கிறது. துடுப்பு மாட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, கலவை கெட்டியானதும் கடகடவென்று வழுக்க ஆரம்பித்துவிட்டது. மூடியின் கிளிப் ஒன்றும் உடைந்தது. உதிரி பாகம் கேட்டால் புது மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். ஒரு தடவைக்கு ஊற்றும் கலவை அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சக்கரம் தாங்குகிறது.

வீட்டில் செய்ததில் காற்று குறைவு, அதனால் கனமும் இறுக்கமும் அதிகம். கடை ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராம் இருந்தாலே விதிக்குப் போதும். என் டப்பாவில் ஒரு லிட்டர் 800 கிராமைத் தாண்டும். எனவே வெட்டும் முன் பத்து, பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மின்தடையில் இளகி மறுபடி உறைந்தால் ருசி கெடாது, ஆனால் நறநறவென்று ஆகும். இரண்டு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இதைக் கொண்டுபோயிருக்கிறேன். தெர்மாகோல் பெட்டியில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு. உப்பு பட்ட ஐஸ் மைனஸ் 21 வரை இறங்கக்கூடும் என்பதால் துண்டு அப்படியே போய்ச் சேர்ந்தது. மாம்பழம் இல்லாத மாதங்களில் அங்கிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்தான் (அவகாடோ) நடு அடுக்கு. அதிலேயே கொழுப்பு இருப்பதால் அந்தப் பங்குக்கு க்ரீமைப் பாதியாக்கிவிடலாம். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறமும் கறுக்காது.